பழைய கணினிக்கு மறுவாழ்வு கொடுத்துப் புண்ணியம் தேடுவது எப்படி? புதுப்பட்டினம்வாசிகளுக்கு ஒரு கையேடு

ஊருக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றிவிட்டது. ரத்த தானம் செய்யலாம், ஆனால் ஊசி என்றால் பயம். அன்னதானத்துக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. மிச்சம் இருப்பது கணினி தானம். பொருள் அடுத்தவருடையது, மென்பொருள் இலவசம், பெயர் உங்களுக்கு. இதைவிடச் சிக்கனமான தர்மம் கிடையாது. கீழ்க்காணும் படிகளை வரிசை மாறாமல் பின்பற்றவும்.

1. கணினி பிடித்தல்

ஊர் அமைப்பு உங்களுக்குச் சாதகம். பக்கத்திலேயே கல்பாக்கம் நகரியம். பணி ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர் பரணிலிருந்து எதையாவது இறக்கியே ஆக வேண்டும். வடக்கே போனால் பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், டிபிஎம் 2.0 சில்லும் ஓரளவு புதிய ப்ராசசரும் இல்லாத கணினியை அது வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. உடம்பில் ஒரு குறையும் இல்லாத கணினிகள் இப்படிக் கட்டாய ஓய்வில் போயிருக்கின்றன. இது உங்கள் பொற்காலம்.

“நல்லா ஓடிக்கிட்டிருந்ததுதான்” என்று கொடுப்பவர் சொல்வார். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள், மனம் புண்படும். சார்ஜர் இல்லாத மடிக்கணினி, ரிப்பன் காய்ந்த டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், பாதி எழுத்து உதிர்ந்த கீபோர்டு எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் மறுத்தால் அவர் பரண் காலியாகாது.

2. பல்லைப் பிடித்துப் பார்த்தல்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். கணினியில் பல்லைத் தவிர வேறு எதையும் பார்க்காதீர்கள். உயிர் வரவே வராது என்று தெரிந்துவிட்டால் அது தானம் அல்ல, மின்கழிவு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, அது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்த மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டும். நீங்களோ அதை வாங்கிவந்து மாடிப்படிக்கு அடியில் அடுக்குவீர்கள். கொடுத்தவர் வீடு சுத்தமாகும், உங்கள் வீட்டில் சண்டை வரும்.

பழைய பெட்டி மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உடைத்துப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். பேட்டரி உப்பிய மடிக்கணினி வந்தால் கிண்டலை நிறுத்திவிட்டுப் படியுங்கள்: அதைக் குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடிக்கும்.

3. ரகசியம் காத்தல்

“எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டேன் தம்பி” என்பார் கொடுத்தவர். உள்ளே அவருடைய பான் அட்டை, மகளின் நிச்சயதார்த்தப் படங்கள், பாஸ்வேர்டு என்ற பெயரிலேயே ஒரு கோப்பு எல்லாம் இருக்கும். குப்பைத் தொட்டிக்குப் போன கோப்பு வட்டைவிட்டுப் போவதில்லை. ஹார்ட் டிஸ்க் என்றால் என்வைப் போன்ற மென்பொருளை ஓடவிட்டு, முழு வட்டின் மேலும் புதிதாக எழுதி அழிக்க வேண்டும். எஸ்எஸ்டி என்றால் அதற்கென்றே இருக்கும் செக்யூர் இரேஸ் கட்டளையைக் கொடுக்க வேண்டும். அழிப்பதற்கு முன் ‘சும்மா ஒரு பார்வை’ பார்க்கத் தோன்றும். பார்க்காதீர்கள். பார்த்தால் அடுத்த கல்யாணத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

4. கடல் காற்றோடு சமாதானம்

புதுப்பட்டினத்தில் கணினிக்கு வயதைக் கடலிலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதை வைத்துக் கணக்கிட வேண்டும். உப்புக் காற்று குடித்த கேபினெட்டில் ஸ்க்ரூ திரும்பாது. திரும்பினால் தலை மட்டும் கையோடு வரும். உள்ளே பல்லி முட்டை இருக்கும், எறும்புக் குடியிருப்பு இருக்கும். எஸ்எம்பிஎஸ் விசிறியில் தூசியும் உப்பும் சேர்ந்து கெட்டியாகியிருக்கும்.

நல்ல செய்தியும் உண்டு. ‘செத்துப் போச்சு’ என்று வந்து சேரும் கணினிகளில் பல செத்திருக்காது. ராமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து மறுபடி மாட்டினால் கண் திறக்கும். சிமோஸ் பேட்டரி தீர்ந்த கணினி, ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பென்றால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் கதவைச் சாத்தும். ‘நெட் வரல’ என்ற புகாருக்குப் பின்னால் காசு அளவுள்ள சிஆர்2032 பேட்டரி ஒன்றுதான் இருக்கும். ஆனால் இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் பெருமூச்சு விட்டு, உதிரிபாகம் தேடிச் சென்னை ரிச்சி தெரு வரைக்கும் போய்வந்த களைப்போடு சொன்னால்தான் மதிப்பு.

5. இயங்குதளத்துக்காகச் சண்டை போடுதல்

தன்னார்வலர்கள் கூடியதும், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட எந்த லினக்ஸ் என்ற கேள்வி எழும். ஒருவர் மின்ட் என்பார், ஒருவர் லுபுண்டு என்பார், தாடி வைத்த ஒருவர் டெபியன் தவிர மற்றதெல்லாம் சமரசம் என்பார். இந்த விவாதம் முடிவதற்குள் பயனாளியின் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிடும்.

முடிவெடுக்க வேண்டியது கணினிதான். 2 ஜிபி ராம் உள்ளதற்கு எல்எக்ஸ்க்யூடி போன்ற இலகுவான முகப்பு. 4 ஜிபிக்கு எக்ஸ்எஃப்சிஇ வைத்த மின்ட். ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிவிட்டுச் சின்ன எஸ்எஸ்டி போட்டால் கிழவனும் ஓடுவான். 32 பிட் கணினி வந்தால் யோசியுங்கள்: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, அவற்றுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. தாடிக்காரரிடம் இதை மென்மையாகச் சொல்லவும்.

6. வரலாற்றை மறந்துவிடுதல்

2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், தொடக்க ஆண்டுகளில் அரசு நிறுவனமான எல்காட் வாங்கித் தந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. தமிழகத்தின் வீடு வீடாக லினக்ஸ் போய் இறங்கிய காலம். பிறகு? படம் பார்க்க இடம் போதவில்லை என்று பலர் அதை அழித்தார்கள். சந்தேகம் கேட்கத் தெருவில் ஆள் இல்லை. சர்வீஸ் கடைக்காரருக்குத் தெரிந்தது ஒரே ஒரு இயங்குதளம்.

கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, பாடத்தையும் பத்தாம் வகுப்புத் தேர்வையும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. அங்கே லினக்ஸ் நிலைத்தது. மறுநாள் காலையில் சந்தேகம் கேட்க ஓர் ஆள் இருந்ததுதான் வித்தியாசம். இந்தச் செய்தி உங்கள் விழாவுக்கு இடைஞ்சல் என்பதால் மறந்துவிடவும்.

7. தமிழைப் பிறகு பார்த்துக்கொள்ளுதல்

எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். அப்போதுதான் அவர்களுக்கு உங்கள் மேல் மரியாதை வரும். ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளை நிறுவி தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்கச் சில நிமிடங்கள்தான் ஆகும் என்பதை வெளியே விடாதீர்கள். ஒருநாள் பள்ளியிலிருந்து வினாத்தாள் கோப்பு வரும். லிப்ரெஆஃபீஸில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கொட்டிக் கிடக்கும்.

“தம்பி, உங்க கம்ப்யூட்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியலியே?”

“கம்ப்யூட்டர் மேல தப்பில்லீங்கம்மா. டீச்சர் வானவில் எழுத்துருவுல அடிச்சிருக்காங்க.”

வானவில் ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துரு. ஒருங்குறியைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டது. வினாத்தாளுக்கு இன்னும் தகவல் போகவில்லை. அதை ஒருங்குறிக்கு மாற்றும் கருவியையும் சேர்த்தே நிறுவிக் கொடுங்கள். இணையம் இல்லாத வீடு என்றால் கிவிக்ஸ் செயலி வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவை வட்டிலேயே இறக்கி வைக்கலாம். ஆனால் இதெல்லாம் புகைப்படத்தில் விழாது.

8. விழா எடுத்தல்

இதுதான் முக்கியம். ஃப்ளெக்ஸ் பேனரில் கணினியின் படம் சிறிதாகவும் உங்கள் படம் பெரிதாகவும் இருக்கட்டும். மேடையில் பெறுபவர் மானிட்டரின் கனம் தாங்காமல் நெளிய, நீங்கள் ஒரு விரலால் அதைத் தொட்டபடி கேமராவைப் பார்க்க வேண்டும். அவர் வீட்டில் எத்தனை பிளக் பாயின்ட் இருக்கிறது என்று கேட்க வேண்டாம். ஒன்றுதான் இருக்கும். அதில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்.

9. ஸ்க்ரூ டிரைவரை ஒப்படைத்தல்

இந்தப் படியை விரும்பாதவர்கள் தாண்டிப் போகலாம். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 2000இல் தொடங்கிய ஃப்ரீ கீக் அமைப்பு ஒரு ஏற்பாடு செய்தது: வந்து குறிப்பிட்ட மணி நேரம் வேலை செய்கிறவர் ஒரு கணினியை எடுத்துப் போகலாம். தன் கையால் ராம் மாட்டியவர், அது கழன்றால் உங்களுக்குப் போன் செய்ய மாட்டார். பக்கத்து வீட்டுக் கணினி படுத்தால் இவரே போவார். சதுரங்கப்பட்டினம் மீனவர் குப்பத்துப் பெண் ஒருத்தி கேபினெட்டைத் திறந்து மூடப் பழகிவிட்டால் உங்களிடம் வந்து நிற்கமாட்டாள். அதுதான் இந்த முறையில் இருக்கும் ஆபத்து.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதில் வேர்ட் இருக்கிறதா?
ரைட்டர் இருக்கிறது. பெயர்தான் வேறு, கடிதம் ஒன்றுதான்.

கெட்டுப்போனால் யாரைக் கேட்பது?
1998 முதல் இயங்கும் சென்னை லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. 2012 முதல் வரும் கணியம் இதழ் இதையெல்லாம் தமிழிலேயே சொல்லித்தருகிறது. இருந்தாலும் உங்கள் போன் எண்ணை எழுதிக் கேபினெட்டில் ஒட்டுங்கள். ஒட்டத் தயங்கினால் கணினியையும் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவு பாடு எதற்கு? புதிய கணினியே வாங்கிக் கொடுத்துவிட்டால்?
தாராளமாகக் கொடுங்கள். புதுப்பட்டினத்துக் காற்றில் அது பழையதாக ரொம்ப நாள் ஆகாது. அதற்கும் ஒட்ட வேண்டிய போன் எண் உங்களுடையதுதான்.