கேட்டால் சொல்வேன்

கே: ஆங்கிலத் தொடர்களின் பள்ளிக்கூடக் காதலைப் பார்த்தால், அங்கே யாராவது படிக்கிறார்களா என்றே சந்தேகம் வருகிறது. (வெஸ்ட் கோஸ்ட் வாசகர்)

ப: முதலில் அவர்கள் வயதைச் சந்தேகப்படுங்கள் சார்! நெட்ஃபிளிக்ஸின் 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடர் 2020இல் வெளிவந்தபோது, பள்ளியே மயங்கும் மாணவன் பாக்ஸ்டனாக நடித்த டேரன் பார்னெட்டுக்கு வயது 29. நம் சிங்கப்பூரில் அந்த வயதுப் பையன் தேசிய சேவை முடித்து, பட்டம் வாங்கி, பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பம் போட்டிருப்பான். 'கிரீஸ்' படத்தில் மாணவி ரிஸ்ஸோவாக நடித்த ஸ்டாக்கர்ட் சானிங்குக்குப் படப்பிடிப்பின்போது 33! எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. உயர்நிலை மூன்றில் படிக்கும் பையன் பாக்ஸ்டனின் தோளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நிற்கிறான். நடுவில் பதினான்கு வருஷம் இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை.

கே: 'நெவர் ஹேவ் ஐ எவர்' கதாநாயகி தேவி கடைசியில் யாரோடு சேர்ந்தாள்? (கிளமெண்டி அவென்யூ 3)

ப: பென்னோடு. ரெண்டுசுழி ன.

கே: தமிழ்ப் பெண் இப்படிப் பையன்கள் பின்னால் அலைவதைப் பார்க்கக் கூச்சமாக இல்லையா? (டோவர் வாசகி)

ப: இல்லை அம்மா. முதல் காட்சியிலேயே தேவி சாமி முன் நின்று மூன்று வரம் கேட்கிறாள்: ஒரு பார்ட்டிக்கு அழைப்பு, கையில் முடி குறைய வேண்டும், ஒரு காதலன். கைமுடிக்காகச் சாமியை நச்சரித்த தமிழ்ப் பெண்ணை அதற்குமுன் எந்தத் தொடர் காட்டியது? தேவியாக நடித்தவர் கனடாவின் மிசிசாகாவில் வளர்ந்த ஈழத் தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன். ஏறத்தாழ 15,000 பேரிலிருந்து தேர்வானவர். தேவியின் அப்பா அவள் கண்ணெதிரே, பள்ளி இசை நிகழ்ச்சியில் மாரடைப்பால் சாகிறார். அதன்பின் அவள் கால்கள் மூன்று மாதம் செயலிழக்கின்றன. அழவேண்டிய அழுகையை அழாமல்தான் பாக்ஸ்டன் பின்னால் ஓடுகிறாள். முதல் பருவத்தின் முடிவில் அம்மாவோடு மாலிபு கடற்கரையில் அப்பாவின் அஸ்தியைக் கரைக்கிறாள். அலைச்சல் எதற்கென்று அங்கே புரிந்தது எனக்கு.

கே: நம் உள்ளூர்த் தொடர்களில் பிள்ளைகள் காதலிப்பதில்லையா?

ப: 1995இல் வந்த 'அண்டர் ஒன் ரூஃப்' நினைவிருக்கிறதா? அந்த வீட்டில் எந்தப் பிரச்சினை கிளம்பினாலும் அப்பா டான் ஆ டெக் தென் சீனக் கதையொன்றை ஆரம்பித்துவிடுவார். காதலுக்கு எங்கே நேரம்?

கே: பள்ளியில் பாலியல் கல்வி உண்டா?

ப: தொடக்கநிலை 5 முதல் உண்டு. வேண்டாமென்றால் பெற்றோர் எழுதிக்கொடுத்து விலக்கிக்கொள்ளலாம். விலக்காதீர்கள்; அப்புறம் நெட்ஃபிளிக்ஸ்தான் வாத்தியார்.

கே: அங்கே லாக்கர் முன்னால் முத்தம். கிளமெண்டியில் காதல் எங்கே நடக்கிறது?

ப: கிளமெண்டி மால் நூலகத்தில்! இருவருக்கும் நடுவே இயற்பியல் 'டென் இயர் சீரிஸ்' பழைய தேர்வுத்தாள் தொகுப்பு விரித்திருக்கும். அரைமணி நேரமாக ஒரே பக்கம். அவன் ஒரு கணக்கைத் தப்பாகப் போடுவான், அவள் ரப்பரால் அழிப்பாள், அழித்த தூளை அவன் ஊதுவான். நெட்ஃபிளிக்ஸின் பத்துப் பகுதி இதற்கு ஈடாகுமா? பிறகு ஜூரோங் ஈஸ்ட்டில் வீடிருக்கும் பையன், அத்தை வீட்டுக்குப் போவதாகச் சொல்லி அவளோடு எதிர்த்திசை ரயிலில் ஏறுவான். புவன விஸ்தாவில் இறக்கிவிட்டுத் திரும்பி வருவான். அந்த அத்தை எந்த ஊரிலும் இல்லை.

கே: பெண்களைத்தான் பிடிக்கிறது என்று பதினாறு வயது மகள் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

ப: தேவியின் தோழி ஃபேபியோலா இதே உண்மையை முதலில் தன் ரோபோவிடம்தான் சொல்கிறாள். மனிதர்களிடம் சொல்ல அவ்வளவு பயம். உங்கள் மகள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். ஆண்களின் ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப்பிரிவை நீக்க நம் நாடாளுமன்றம் 2022 நவம்பர் 29இல் வாக்களித்தது. வீட்டுக்குள் அவளுக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. அவள் சொன்ன நாளிலிருந்து இருவரும் தனித்தனியாகச் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். சரியான வார்த்தை கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்று இரவு உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்காருங்கள்.