மருமவனே, கூரை போடப் போறியாமே!

மட்டாஞ்சேரிக்கு டூர் போயிட்டு வந்ததுல இருந்து, கட்டுனா கேரளா ஸ்டைல் வீடுதான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கியாமே மருமவனே. ரொம்ப சந்தோசம். அங்க உள்ள அரண்மனையில என்னடே பாத்தேன்னு கேட்டா, சாப்பாட்டு அறை மச்சுல வரிசையா இருக்க பித்தளைக் கும்பாவைச் சொல்லுதே. சுவத்துல ராமாயணம் வரைஞ்சிருக்குன்னு சொல்லுதே. இதையெல்லாம் நனையாமக் காக்குதே கூரை, அதைப் பாத்தியான்னா தலையைச் சொறியுதே.

1555-ல அந்த அரண்மனையைக் கட்டி, கொச்சி ராஜா வீரகேரள வர்மாவுக்குக் கொடுத்தவன் போர்ச்சுகல் பறங்கி. 1663-ல டச்சுக்காரன் வந்து பழுது பாத்தான். இன்னைக்கு ஊரு அதை டச்சு அரண்மனைன்னுதான் சொல்லுது. பாத்துக்கோ, கட்டுனவன் பேரு போச்சு, பராமரிச்சவன் பேரு நிக்கு. நீ கட்டுறதுக்கு மட்டும்தான் பறக்குதே.

கூரைக்குச் சாய்ப்பு எதுக்குன்னு நினைச்சே? வாட்ஸ்அப்புல படம் போடவா? கொச்சியில வருசத்துக்கு 3000 மில்லிமீட்டர் கணக்குல மழை ஊத்தும். அதை நிக்க விடாம இறக்கத்தான் பழைய தச்சன் கூரையை ஏறக்குறைய 45 பாகைக்கு நிமித்தினான். சுவர் நனையாம இருக்க இறவாரத்தை வெளிய இழுத்து விட்டான். சூடு வெளியேற முகப்புல மர அழி வச்சான். உன் எஞ்சினீயர் அதே முகப்பைச் சிமெண்டுல செஞ்சு, இடுக்கெல்லாம் அடைச்சு, மரக்கலர் பெயிண்டு அடிச்சுத் தருவாரு. நீ உள்ள ஏசி மாட்டிக்கோ.

மரக்கணக்கு தெரியுமாடே? சுவர் மேல கிடக்க உத்தரத்துல கால் ஊனி, கழுக்கோல்ங்கிற சாய்வுக்கட்டை ரெண்டு பக்கமும் ஏறி, உச்சியில மோந்தாயம்ங்கிற முகட்டுக்கட்டையில முட்டும். கள்ளுக்கடை வாசல்ல ரெண்டு பேரு தலைக்குத் தலை முட்டுக் கொடுத்து நிப்பானுவளே, அந்த மாதிரி. நீ எங்க பாத்திருக்கப் போறே, உள்ளேல்லா இருப்பே! தலை விழாது, கால்தான் வழுக்கும். ஓட்டுப் பாரம் ஏற ஏற, கழுக்கோலும் சுவரை வெளிய தள்ளும். அதை அடக்க, குறுக்க விட்டம் போட்டு ரெண்டு பக்கத்து உத்தரத்தையும் பிணைப்பான். கழுக்கோலைத் துளைச்சு வளைக்கட்டை கோத்து, ஒண்ணும் விலகாமப் பூட்டுவான். மூலைக்குப் போனா ஒவ்வொரு கழுக்கோலும் ஒவ்வொரு நீளம், ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு கோணம். எல்லாத்தையும் தரையிலேயே கணக்குப் போட்டு அறுத்து, மேல கொண்டு போய்க் கோக்கணும். இந்த வீட்டுக்கணக்கைச் சொல்லத்தான் 16-ம் நூற்றாண்டுல திருமங்கலத்து நீலகண்டன் ‘மனுஷ்யாலய சந்திரிகை’ எழுதி வச்சாரு. உனக்கு யூடியூப் போதும்.

ஓட்டுக்கு வருவோம். 1865-ல பாசல் மிஷன்காரங்க மங்களூர் ஜெப்புல ஓட்டுத் தொழிற்சாலை போட்டாங்க. அந்த ஓட்டுக்கு அடியில முட்டு உண்டு, அது கழுக்கோல் மேல குறுக்க அடிச்ச பட்டியல்ல மாட்டித்தான் நிக்கும். ஒண்ணு உடைஞ்சா உருவிப் போட்டுட்டு வேற சொருகலாம். உன் எஞ்சினீயர் கான்கிரீட்டைச் சரிச்சு வார்த்து, மேல ஓட்டைச் சாந்து வச்சு ஒட்டுவாரு. உடைஞ்சா உளி கொண்டு கொத்து.

நெசமாவே மரக்கூரைதான் வேணும்னா, வருசா வருசம் இடவப்பாதி மழைக்கு முந்தி ஆளை ஏத்தி ஓடு மாத்தணும், கரையான் பாக்கணும். ஃபேன் இறக்கைத் தூசியைத் துடைக்கவே தீபாவளி வரைக்கும் காத்திருக்க ஆளு நீ. அதனால மாமன் சொல்லுதபடி கேளு. மொட்டை மாடியா கான்கிரீட்டைப் போடு. ஒழுக ஆரம்பிச்சதும், ஊர்ல எல்லாரும் செய்யுத மாதிரி, அது மேல இரும்பு ட்ரஸ் நிறுத்தி ஷீட்டை மாட்டு. சாய்ப்பும் வந்துரும், கேரளா ஸ்டைலும் வந்துரும்.

‘அப்போ கீழ கிடக்க கான்கிரீட் எதுக்கு மாமா?’ன்னு கேப்பே. பேங்குல லோன் வாங்க ஒரு காரணம் வேண்டாமாடே?