பெட்டிக்கு நீர்க்கோவை

அழகர் ஆற்றில் இறங்குவதற்கு நான்கு நாள் இருக்கையில், ராத்திரி இரண்டரை மணிக்கு என் கார் தானாக ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. விட்டு விட்டு அல்ல. சுருதிப் பெட்டி மாதிரி ஒரே பிடியாக.

வேறு ஊராக இருந்தால் ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு எரிந்து நாலு வசவு விழுந்திருக்கும். எங்கள் தெருவில் வசவுக்குப் பதில் ஆட்கள் வந்தார்கள். புரோட்டாக் கடையை அடைத்துவிட்டு வந்துகொண்டிருந்தவர் சைக்கிளை நிறுத்தி, காய்ச்சல் பார்ப்பதுபோல பானெட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தார். எதிர்வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "சாவியை எடுத்துட்டீங்களா?" என்றார். சாவி என் கையில் இருந்தது. பூட்டிய வண்டிக்குள் யாரும் இல்லை என்பதை மூன்று பேர் தனித்தனியாக டார்ச் அடித்து உறுதி செய்தார்கள். கடைசியில் தாசில்தார் வீட்டுப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை வாங்கி பேட்டரி நெகட்டிவைக் கழற்றியவர் புரோட்டாக் கடைக்காரர்தான். சத்தம் நின்றதும், "கண்ணு பட்டிருக்கு சார்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார்.

கண் படுகிற அளவுக்கு அது வண்டியே அல்ல. வயது ஒன்பது. வெள்ளை என்று ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் நின்று நின்று, காக்கைகளின் அபிப்பிராயத்தைத் தாங்கித் தாங்கி, இப்போது ஒரு மாதிரி மோர்க்குழம்பு நிறம்.

யோசித்துப் பார்த்தால் அறிகுறிகள் முன்பே இருந்தன. இடது இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஒரு தடவை துடைக்கும். இண்டிகேட்டர் வேலை செய்யாததை மதுரையில் யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை, போட்டால்தான் சந்தேகப்படுவார்கள். ஆனால் சித்திரை வெயிலில், காளவாசல் சிக்னலில், காய்ந்த கண்ணாடியை வைப்பர் கரகரவென்று தேய்த்தபோது பக்கத்து ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி வானத்தைப் பார்த்தார். பாவம், ஒரு நிமிஷம் நம்பிவிட்டார்.

அதைவிட மோசம், மேலூருக்கு ஒரு காதுகுத்துக்குப் போய்த் திரும்பும்போது நடந்தது. மாமனார் முன் சீட்டில். வெற்றிலை துப்புவதற்காக ஜன்னலை இறக்கினார். துப்பினார். அதன்பிறகு அது ஏறவில்லை. ஒத்தக்கடைக்கு முன்னால் வைக்கோல் லாரி ஒன்று எங்களுக்கு முன்னே போய்க்கொண்டிருந்தது. யானைமலை தெரியும்போது மாமனாரின் தலையும் தோளும் ஒரு சிறு படப்பாக மாறியிருந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இறங்கி, துண்டை உதறிவிட்டு, "மாப்ளே, மாட்டுவண்டியில வைக்கோலுக்கு மேல நாம உக்காருவோம்" என்று மட்டும் சொன்னார்.

ஹாரன் இரவுக்குப் பிறகு வைத்தியம் தொடங்கியது. ஒருவர் பேட்டரியை மாற்றினார். இன்னொருவர் ஹாரனையே மாற்றினார். தலைவலிக்குத் தலையை மாற்றியதுபோல. பாண்டி கோயிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் ஏ.சி. அறையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, ஒயரிங் மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார்கள். தாளில் இருந்த தொகையைப் பார்த்ததும் காபியின் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று தோன்றியது.

பழங்காநத்தம் பக்கம் ஒரு சந்தில், தகரக் கொட்டகையில் கார் எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் தம்பி ஒருவரைத் தாசில்தார்தான் சொன்னார். தம்பி முதலில் வண்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "வண்டி எங்கண்ணே நிக்கும்? மரத்தடியிலயா?"

கண்ணு, காத்து என்று இவரும் ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் டிரைவர் பக்கம் தரையில் மல்லாந்து படுத்து, தலையை பிரேக் பெடலுக்கு அடியில் நுழைத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, ஐந்து நிமிஷத்தில் ஒரு கறுப்புப் பெட்டியை உருவி எடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளையின் டிபன் பாக்ஸ் அளவு. அதன் ஒரு கப்ளரைக் கழற்றி என் மூக்குக்கு நேரே காட்டினார். பித்தளைச் சொம்பில் புளிபோட்டு மறந்ததுபோல ஊசிகளெல்லாம் பச்சை பூத்திருந்தன. "பி.சி.எம். அண்ணே. தண்ணி இறங்கியிருக்கு."

பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்பதை எனக்குப் புரியவைக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் அதை மாற்றியே இருக்கலாம். பழைய அம்பாஸடரில் சுவிட்சைப் போட்டால் கரண்ட் ஒயர் வழியாக நேரே ஓடும். லைட்டுக்கு ஒரு ஒயர், வைப்பருக்கு ஒரு ஒயர், அவரவர் பாடு அவரவருக்கு. இப்போது நான் சுவிட்சைத் தொடுவது மனுக் கொடுப்பதோடு சரி. மனு இந்தப் பெட்டிக்குப் போகும். கதவுப் பூட்டு, ஜன்னல், வைப்பர், ஹாரன், உள்விளக்கு என்று சகலத்துக்கும் உத்தரவு இங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். கொத்துச்சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வளைய வரும் பெரியத்தை எங்கள் கூட்டுக் குடும்பத்திலும் இருந்தார். அரிசி அளப்பதிலிருந்து கொல்லைக்கதவு சாத்துவது வரை அவரைக் கேட்டுத்தான். அவருக்கு நீர்க்கோவை வந்து படுத்தால் பாலுக்கு வந்தவனுக்கு மோரும், மோருக்கு வந்தவனுக்குச் சாவியும் கிடைக்கும். என் காரில் நடந்ததும் அதுதான். பெட்டிக்கு நீர்க்கோவை.

இப்பெட்டி மற்றப் பெட்டிகளோடு பேசுவதற்கு இரண்டே ஒயர், ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போகும். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1986இல் வெளியிட்ட ஏற்பாடு, பெயர் கேன் பஸ். 1991இல் மெர்சிடிஸ் காரில் முதலில் வந்து, இப்போது என் மோர்க்குழம்பு வரை வந்துவிட்டது. அந்த இரண்டு ஒயருக்கும் குறுக்கே தம்பி மீட்டரை வைத்தார். இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால், எல்லாம் சரியாக இருந்தால் 60 காட்ட வேண்டுமாம். 60 காட்டியது. "குடும்பத்துக்குள்ள பேச்சு நிக்கல அண்ணே. பெரியத்தைக்குத்தான் உடம்புக்கு முடியல." சர்வீஸ் சென்டர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். ஒயரிங் தப்பியது.

தண்ணீர் எப்படி வந்தது? முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் முளைத்திருக்கும் கறுப்புத் தட்டைத் தம்பி கழற்றினார். உள்ளே ஒரு கண்மாய். மழைத்தண்ணீர் அதில் விழுந்து, இரண்டு ஓரத்திலும் உள்ள ஓட்டை வழியாகத் தரைக்குப் போக வேண்டும். ஓட்டை இருந்த இடத்தில் ஒன்பது வருஷத்து வேப்பிலை மக்கி, கைப்பிடி எருவாகக் கிடந்தது. 2024 அக்டோபர் கடைசியில் கொட்டிய மழையில் பந்தல்குடிக் கால்வாய் கொள்ளாமல் செல்லூர்த் தெருக்களில் வெள்ளம் நின்றதல்லவா? அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து, "மடையைத் தூர் வாராம விட்டா இப்படித்தான்" என்று அதிகாரிகளை நான் திட்டிய திட்டுக்கு என் மனைவி சாட்சி. அதே மழையில், அதே காரணத்தால், என் வாசலில் இன்னொரு கண்மாய் உடைத்துக்கொண்டு டேஷ்போர்டுக்குள் இறங்கியிருக்கிறது. பச்சை பூத்துப் பழுக்க ஆறு மாதம் பிடித்திருக்கிறது.

1911இல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் கம்பெனி தொடங்கிய காலத்திலிருந்து மோட்டார் பழகிய ஊர் இது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது பஸ்ஸோடு கரியடுப்பு போன்ற ஒன்றைப் பூட்டி, அதில் வரும் வாயுவில் ஓட்டினார்கள். அதில் போன என் தாத்தா, மேடு வந்தால் இறங்கி நடப்போம் என்பார். நடந்தாலும் நின்றதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்: அடுப்பு அணைந்துவிட்டது, ஊது. டிபன் பாக்ஸை எங்கே ஊதுவது?

புதுப் பெட்டி சென்னையிலிருந்து பார்சலில் வந்தது. மாட்டுவதற்குப் பதினைந்து நிமிஷம். அவ்வளவுதானா என்று பர்ஸை எடுத்தேன். தம்பி சிரித்தார். புதுப் பெட்டிக்கு இது எந்த வண்டி என்றே தெரியாதாம். லேப்டாப்பை ஒயரில் செருகி, பதினேழு எழுத்துச் சேசிஸ் நம்பரை ஓத வேண்டும். பின்னால் வைப்பர் உண்டா, ஜன்னல் எத்தனை பவர் ஜன்னல் என்று வீட்டு வழக்கங்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நடுவில் கரண்ட் விட்டுப்போனால் பெட்டி பாதிப் படிப்பில் பைத்தியமாகிவிடும் என்று லாரி பேட்டரி ஒன்றைத் துணைக்குக் கட்டினார். கதவைத் திறக்காதீங்க, மூடாதீங்க, டீயை அங்கேயே வைங்க. கருவறைக்கு வெளியே நிற்பதுபோல நின்றேன்.

"ரெண்டு சாவியையும் கொடுங்கண்ணே. அறிமுகப்படுத்தணும்."

ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று இல்லாமல் முடித்தால் அது இனி வெறும் இரும்பு, வண்டி ஸ்டார்ட் ஆகாது என்றார். வீட்டுக்குப் போன் போட்டேன். "உங்ககிட்டதான் குடுத்தேன்" என்றாள். இந்த வாக்கியத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் கிடைத்ததில்லை. அரிசி டிரம், சாமி அலமாரி, என் பழைய பேண்ட் எல்லாம் தேடி, ஒரு மணி நேரம் கழித்து மாமனார் பேசினார். மேலூர்க் காதுகுத்தில் கொடுத்த தாம்பூலப் பையில், காய்ந்த வெற்றிலைக்கு அடியில் சாவி இருந்ததாம். ஆட்டோ பிடித்து அவரே கொண்டு வந்தார். கொடுக்கும்போது, "இந்த ஆட்டோவுல ஜன்னலே கெடையாது மாப்ளே. நிம்மதியா வந்தேன்" என்றார்.

சாயங்காலம் வண்டி கிளம்பியது. இண்டிகேட்டர் போட்டால் இண்டிகேட்டர். புதுப் பெரியத்தை கொஞ்சம் கண்டிப்பு. சீட் பெல்ட் போடாமல் தெருமுனை தாண்ட விடுவதில்லை.

மரத்தை வெட்டுவது பற்றி வீட்டில் ஒரு தடவை வாயெடுத்தேன், அதோடு விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய டூத் பிரஷ் கொண்டு மடையைத் தூர் வாருகிறேன். இந்தப் பங்குனியில் வண்டியை நிழலைவிட்டு எதிர்ப்பக்கம் நிறுத்திப் பார்த்தேன். அடுத்த நாள் காலை என் மனைவி வெள்ளை வேட்டித் துணியோடு வாசலில் நின்றாள்.

"என்னங்க, வண்டிய பழையபடி மரத்தடியில போடுங்க. பூ உதிருது. பானெட்டுல விரிச்சாத்தான் மண்ணு ஒட்டாம கெடைக்கும், ரசத்துக்கு."