சாய்தளமும் மோட்டார் சைக்கிளும்

மன்னாரில் கழுதைகளுக்கென்றே ஒரு சிகிச்சை நிலையம் உண்டு. விசேட தேவையுள்ள பிள்ளைகளைக் கழுதைகளோடு பழகவிட்டுத் தேற்றும் வேலையும் அங்கே தொடங்கப்பட்டது. கழுதைகள் மறுத்ததாகத் தகவல் இல்லை. மாற்றுத்திறனாளிகளை உள்ளே விடக் கந்தோர்கள்தான் இன்னும் யோசிக்கின்றன.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்க 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2006இன் ஒழுங்குவிதிகள், பொதுக் கட்டடங்களை அவர்கள் நுழையும்படி திருத்த மூன்று வருடத் தவணை கொடுத்தன. தவணை முடிந்தது, படிகள் அசையவில்லை. சக்கர நாற்காலியில் வாழ்ந்த அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் போக, 2011இல் கட்டளையும் பிறந்தது.

அதன் பலன்தான் சாய்தளம். எங்கள் பக்கத்துச் சாய்தளம் ஒன்றில் ஏற இரண்டு பேர் தள்ள வேண்டும்; இறங்க மடு மாதாவுக்கு நேர்த்தி வைக்க வேண்டும். உச்சியில் பூச்சாடி. அடியில் உத்தியோகத்தரின் மோட்டார் சைக்கிள். கொடுப்பனவுப் படிவமோ மேல்மாடியில்.

வலை பொத்தி உழைத்து, மகளுக்கு ரியூசன் காசு கட்டுகிற மனிதர் நாற்காலியோடு கீழே காத்திருக்கிறார். போகிற வருகிறவர்கள் எல்லோரும் "பாவம்" என்கிறார்கள்.

பாவம் பார்த்தது போதும் தம்பி, முதலில் அந்த மோட்டார் சைக்கிளை எடுங்கோ.