கரை தாண்டாத கேப்டன்

தேம்ஸ் நதியில் மோட்டார் படகு வைத்திருப்பவர்களைக் கோடையில் பார்த்து எடைபோடக் கூடாது. ஜூலையில் வெயிலும் விடுமுறையும் சேர்ந்துவிட்டால் அங்கே யாரும் படகுக்காரர்தான். ஒரு நாள் வாடகைக்கு எடுத்தவர்கூட வெள்ளைத் தொப்பியும் கையில் கோப்பையுமாக நின்று கரையில் போகிறவர்களுக்குக் கையசைக்கலாம். அசல் ஆள் யாரென்று தெரிய நவம்பர் பிறக்க வேண்டும். ஹென்லி, மார்லோ, அபிங்டன் பக்கத்துப் படகுத்துறைகளில் ஞாயிறு காலை ரப்பர் பூட்ஸும் கம்பளிக் குல்லாயும் மாட்டிக்கொண்டு, ஃப்ளாஸ்க்கில் டீயோடு ஒருவர் வந்து இறங்குவார். வயது அறுபதைத் தொட்டிருக்கும். ‘படகை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்’ என்று வீட்டில் சொல்லிக் கிளம்பியவர், பொழுது சாயும்வரை திரும்ப மாட்டார். படகோ கட்டிய இடத்தைவிட்டு ஓரடி நகர்ந்திருக்காது. இந்த மனிதர் படகை ஓட்டுவது கோடையில். அதை முழுசாக அனுபவிப்பது குளிர்காலத்தில்தான் என்பது என் கட்சி. படகிடமிருந்து அவருக்கு வேண்டியது கவலை. அது நவம்பரிலிருந்து மார்ச் வரை அமோகமாக விளைகிறது.

இதற்கு அரசாங்கமும் உடந்தை. கடல் ஏற்றவற்றம் எட்டாத மேல்தேம்ஸை, அதாவது டெடிங்டனுக்கு மேற்கே உள்ள ஆற்றை, சுற்றுச்சூழல் முகமை பார்த்துக்கொள்கிறது. அங்கே படகுப் பதிவுக் கட்டணம் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரைக்கானது. ஆகவே நம்மவர் பணம் கட்டி வாங்கும் உரிமை, அதைப் பயன்படுத்தவே முடியாத மாதத்தில் தொடங்குகிறது. அணைக்கட்டுகளைத் தாண்டிப் படகை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் ‘லாக்’ என்ற இரட்டைக் கதவு மதகுகள் 44 இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பழுதுபார்ப்பதும் இதே குளிர்காலத்தில்தான். திறந்திருக்கும் லாக்குகளிலும் மழை வலுத்தால் பலகை மாட்டிவிடுவார்கள். மஞ்சள் பலகை என்றால் ஓட்டம் கூடுகிறது அல்லது குறைகிறது, ஜாக்கிரதை. சிவப்புப் பலகை என்றால் ஓட்டம் கடுமை, பத்திரமான இடத்தில் படகைக் கட்டிப் போடு. சரி, பலகை ஏதும் இல்லாத நாளில் கிளம்பலாமே என்றால், அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர். கரையில் நாயைக் கூட்டிக்கொண்டு வேகநடை போடுகிறவர் கூடவே பேசிக்கொண்டு வரலாம்.

கவலையின் முதல் போகம் உறைபனி. 1814-க்குப் பிறகு லண்டனில் உறைந்த தேம்ஸ் மேல் பனிச்சந்தை கூடியதில்லை. குறுகலான வளைவுகளால் நீரைத் தேக்கி வைத்திருந்த பழைய லண்டன் பாலத்தை 1831-இல் இடிக்கத் தொடங்கியதும், ஓட்டம் கூடி ஆறு உறைவதும் அரிதாகிவிட்டது. ஆனால் ஆறு உறையாது என்பதில் படகுக்காரருக்கு ஒரு நிம்மதியும் இல்லை. அவருடைய பயமெல்லாம் படகுக்குள் தேங்கி நிற்கும் நீரைப் பற்றியது. உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். இஞ்சினைக் குளிர்விக்க ஆற்றிலிருந்து இழுத்த நீர் உள்ளே தங்கிவிட்டால், இரும்பு வார்ப்பையே பிளந்துவிடும். அதனால் குழாய்களையெல்லாம் வடித்து, ஆன்டிஃப்ரீஸ் ஊற்றி, வெந்நீர்த் தொட்டியைக் காலிசெய்து, குழாய்த் திருகுகளைத் திறந்தே விட்டு வருவார். இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, ஷவருக்குப் போகும் வளைவுக் குழாயில் ஒரு மிடறு நீர் நின்றிருக்குமோ என்று யோசிப்பார். குளிக்கிற ஷவர் அதுவல்ல. வாங்கின நாளிலிருந்து அதற்குள் துடைப்பமும் வாளியும்தான் இருக்கின்றன.

இரண்டாம் போகம் வெள்ளம். இதில்தான் அவர் வித்தகர். தேம்ஸ் பொங்கினால் லேசில் அடங்காது. 1947-லும் 2003-லும் 2014-லும் அதன் கரையோர ஊர்கள் பட்ட பாடு அங்கே எல்லோருக்கும் தெரியும். நீர் ஏறும்போது கயிறு இறுக்கமாக இருந்தால், படகின் கரையோர விளிம்பைப் பிடித்துக் கீழே இழுக்கும். படகு மேலே வரத் துடிக்கும், கயிறு விடாது, நீர் உள்ளே புகும். கயிற்றைத் தாராளமாக விட்டால், படகு கரைமேல் மிதந்து போய் உட்கார்ந்துகொள்ளும். நீர் வடிந்தபின் நடைபாதையில் நிற்கிற படகை இறக்கக் கிரேன் வேண்டும். இந்த இரண்டு ஆபத்துக்கும் நடுவே கயிற்றின் சரியான நீளம் என்று ஒன்று உண்டு. அது மணிக்கு மணி மாறும். ஆகவே நம்மவர் கைபேசியில் நதிமட்ட அளவுகளை, பேரன் பரீட்சை முடிவு பார்ப்பதைவிட அடிக்கடி பார்ப்பார். ஆக்ஸ்ஃபர்டின் ஆஸ்னி பாலத்துக்கும் நீருக்கும் நடுவே சாதாரண நாளிலேயே 7 அடி 6 அங்குலம்தான். இன்றைக்கு எத்தனை அங்குலம் மிச்சம் என்று சாப்பாட்டு மேசையில் அறிவிப்பார். அவர் படகின் உயரம் 8 அடி. எந்தக் காலத்திலும் அது அந்தப் பாலத்துக்கு அடியில் போக முடியாது. ஆனாலும் குறையும் ஒவ்வொரு அங்குலமும் அவர் சொந்த நஷ்டம்.

அவர் பயணமே போவதில்லை என்பதும் முழு உண்மையாகாது. இஞ்சின் சும்மா கிடக்கக் கூடாது என்று அவ்வப்போது அதைக் கிளப்புவார். வெறுமனே உறுமவிட்டால் போதாதாம், பளு ஏற வேண்டுமாம். எனவே முன்னும் பின்னும் இரட்டைக் கயிறு போட்டுவிட்டு, கியரைத் தட்டுவார். புரொபெல்லர் சேற்றைக் கலக்கும், கயிறுகள் முனகும், கரையில் அடித்த முளை ஒரு விரல்கடை சாயும், வாத்துகள் எதிர்க்கரைக்கு ஒதுங்கும். அரைமணி நேரம், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, எதிரே உள்ள அதே மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முகத்தில் கேப்டன் களை குறையாது. இங்கே ஒரு வரிச் சிக்கலும் உண்டு. படகுக்குச் சாயம் போட்ட சிவப்பு டீசல் வாங்கும்போது, எத்தனை பங்கு ஓட்டுவதற்கு, எத்தனை பங்கு உள்ளே சூடேற்றுவதற்கு என்று கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும். ஓட்டும் பங்குக்கு முழு வரி. வழக்கமாகச் சொல்வது 60-க்கு 40. கட்டிப்போட்ட படகில், கியர் போட்டு, எங்கும் போகாமல் எரித்த டீசல் எந்தக் கணக்கில் வரும் என்று எந்த வரி அதிகாரியும் இதுவரை அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டால், நிச்சயம் டீ கொடுத்து உட்காரவைத்து விளக்குவார்.

இவ்வளவு அவதி எதற்கு, அக்டோபரிலேயே கிரேன் வைத்துத் தூக்கிக் கரையில் ஏற்றிவிடலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கரையேறிய படகு முழுகாது, கயிறு அறுந்து போகாது. அதுதான் குறை. படகு பத்திரமாகிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கே போவார்? மரச்சாமான் கடைக்கு, மனைவியோடு. இன்னொரு ஆட்சேபம், இது பணக்காரர்களின் கிறுக்கு என்பது. அப்படிச் சிலர் உண்டு. ஆனால் அவர்கள் பராமரிப்பைப் பட்டறையிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்பெயினுக்குப் போய்விடுவார்கள். நம்மவர் வைத்திருப்பது பெரும்பாலும் 1970-களில் வார்த்த, நாலைந்து கை மாறிய ஃப்ரீமேன் மாதிரியான ஃபைபர் கிளாஸ் படகு. வாங்கிய விலையைவிட வருடச் செலவு அவரைத் திகைக்க வைக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வருடம் முழுக்கப் படகிலேயே குடியிருப்பவர்களையும் இவரோடு சேர்க்கக் கூடாது. அடுப்பெரிக்க விறகும் கரியும் சுமந்துகொண்டு போகும் அவர்களுக்குக் குளிர்காலம் ஒரு நிஜமான வேலை, ரசிக்கிற விஷயமல்ல.

வலுவான ஆட்சேபம் ஒன்றுதான். ஜனவரியில் எப்போதாவது, பலகை ஏதும் இல்லாமல், காற்று இல்லாமல், வயலெல்லாம் உறைபனி பூத்து ஒரு நாள் அமையும். ஆற்றில் ஈ காக்கை இருக்காது. அன்றைக்கு ஓட்டுவதற்காகத்தான் நாங்கள் காத்திருக்கிறோம் என்பார்கள். அந்த நாள் உண்டு, அதன் அழகையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்குப் படகில் போய்ப் பார்த்தால் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது வடித்துவிட்ட குழாய்களில் மறுபடி நீர் நிரப்பிக் கிளம்புவதற்குள் இருட்டிவிடும். குளிர்காலத்தில் நாலு மணிக்கே பொழுது போய்விடுகிற தேசம் அது. ஜெரோம் கே. ஜெரோம் 1889-இல் எழுதிய புகழ்பெற்ற தேம்ஸ் பயணக் கதையில் மூன்று பேர், அதுவும் குளிர்காலத்தில் அல்ல, மழைக்குத் தாங்காமல் பாங்க்போர்னில் படகைப் போட்டுவிட்டு லண்டனுக்கு ரயிலேறுகிறார்கள். நம்மவர் அந்தப் புத்தகத்தைப் படகிலேயே வைத்திருப்பார். அந்தக் கட்டத்தில் மட்டும் அவருக்குச் சிரிப்பு வராது. அத்தனை நாள் சேர்ந்து வந்தவர்கள் கடைசியில் கயிற்றைச் சரியாகக் கட்டினார்களா என்று யோசிப்பார்.

பிறகு ஏப்ரல் வரும். பலகைகள் இறங்கும், லாக்குகள் திறக்கும், மார்லோ பக்கம் வில்லோ மரங்கள் துளிர்க்கும். அப்போதுதான் படகின் அடிப்பாகத்துக்குப் பாசி பிடிக்காத வண்ணம் அடிக்கப் பட்டறையில் அவருக்கு முறை கிடைக்கும். ஊரே ஆற்றில் இறங்கும் அந்த வாரத்தில் அவர் படகு கட்டைகள்மேல் ஏறி நிற்கும். அவர் அடியில் மல்லாந்து படுத்துச் சுரண்டிக்கொண்டே, போன குளிர்காலத்தைப் பற்றிப் பக்கத்துப் படகுக்காரரிடம் ஏக்கத்தோடு பேசிக்கொண்டிருப்பார்.