நம்பர் ஒன் நீதியரசர்

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் திருவல்லிக்கேணி நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளிலும் இவரைப் பார்க்கலாம். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். தோளில் ஜோல்னாப் பை. அதற்குள் அட்டை கிழிந்த ஐசக் அசிமோவ். பக்கத்தில் யாராவது ஒரு பையன் ஆர்தர் சி. கிளார்க்கைக் கையில் எடுத்துவிட்டால் போதும், விசாரணை ஆரம்பம்.

“தம்பி, சயின்ஸ் ஃபிக்‌ஷன் படிப்பீங்களா?”

“கொஞ்சம் படிப்பேன் சார்.”

“அப்ப சொல்லுங்க, உலகத்துலயே நம்பர் ஒன் யாரு?”

தம்பி வாயைத் திறப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும். சிவாஜியா எம்.ஜி.ஆரா, இளையராஜாவா ரகுமானா என்ற வழக்குகளிலெல்லாம் வாதாடி அலுத்துப்போய், கடைசியாக இந்தக் கோர்ட்டில் நிரந்தர நீதிபதியாக உட்கார்ந்தவர் இவர். மேல்முறையீடு கிடையாது.

இவருடைய சட்டப் புத்தகத்தில் ஒரு வசதி உண்டு. யார் ஜெயிக்க வேண்டுமோ, அவருக்கேற்பச் சட்டம் மாறும். ஜூல்ஸ் வெர்ன் ஜெயிக்க வேண்டிய நாளில் தீர்க்கதரிசனம்தான் அளவுகோல். “1865லயே எழுதிட்டாரு தம்பி! நிலாவுக்கு மூணு பேர், ஃப்ளோரிடாவுலேர்ந்து கிளம்பறாங்க. அப்போலோ 11-லயும் மூணு பேர், அதே ஃப்ளோரிடா!” உண்மைதான். வெர்ன் அந்த மூன்று பேரையும் பீரங்கியில் வைத்துச் சுட்டார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். பீரங்கிக் குழாயின் நீளம் 900 அடி. அந்தத் தூரத்துக்குள் விநாடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தை எட்ட வேண்டுமென்றால், புவியீர்ப்பைப் போல 20,000 மடங்குக்கும் மேலான விசை உடம்பை அழுத்தும். மூவரும் நிலாவைப் பார்ப்பதற்கு முன்பே துவையல்.

வெர்னுக்கும் இந்த நீதிபதி வியாதி கொஞ்சம் இருந்தது. எச்.ஜி. வெல்ஸ் 1901-இல் வெளியிட்ட நிலவு நாவலில் ஈர்ப்பையே தடுக்கும் ஒரு பொருளைப் பூசிக்கொண்டு கலம் மேலே போகிறது. நானாவது பீரங்கி வைத்தேன், இவர் சொல்லும் அந்தச் சரக்கு எங்கே, கண்ணில் காட்டட்டும் என்று ஒரு பேட்டியில் குறைபட்டுக்கொண்டார் வெர்ன்.

ஒரு முறை கல்லூரி மாணவி ஒருத்தி, “சீனியாரிட்டிப்படி பார்த்தா மேரி ஷெல்லிதானே சார்?” என்று கேட்டுவிட்டாள். நியாயமான கேள்வி. பதினெட்டு வயதில் எழுதத் தொடங்கிய ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ 1818-இல் ஆசிரியர் பெயரே இல்லாமல் வெளிவந்தது. கணவர் ஷெல்லிதான் எழுதியிருப்பார் என்று அன்றைக்கே பலர் முடிவுகட்டினார்கள். நம் நீதியரசர் அவ்வளவு தூரம் போகவில்லை. “அது பேய்க் கதைம்மா” என்று மனுவைத் தள்ளுபடி செய்தார்.

அசிமோவ் கட்சிக்கு இவரிடம் ஓட்டுக் கணக்கு இருக்கிறது. 1966-இல் எக்காலத்துக்கும் சிறந்த தொடர் என்று ஹ்யூகோ விருது வாங்கியது ‘ஃபவுண்டேஷன்’. தோற்றவர்களில் டோல்கீனும் ஒருவர். அசிமோவ் 21 வயதில் எழுதிய ‘நைட்ஃபால்’ சிறுகதையை, பழைய கதைகளிலேயே சிறந்ததென்று 1968-இல் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் தேர்ந்தெடுத்தது. ஆனால் தன் கதைகளில் தனக்குப் பிடித்தது 1956-இல் எழுதிய ‘த லாஸ்ட் கொஸ்டின்’தான் என்று அசிமோவே சொன்னார். சொல்லி என்ன பயன்? அசிமோவ் நேரில் வந்தாலும் நீதியரசர் ‘நைட்ஃபால்’தான் என்பார். இத்தனைக்கும் அவருடைய ஜோல்னாப் பையிலிருக்கும் ‘ஃபவுண்டேஷன்’ பிரதியில் பால்பாயிண்ட் பேனா அடிக்கோடுகள் 43-ஆம் பக்கத்தோடு நின்றுவிட்டன.

இவரை மட்டும் சொல்வானேன், எழுதியவர்களே என்ன லட்சணம்! போலந்துக்காரர் ஸ்தானிஸ்லாவ் லெம்முக்கு அந்த அமெரிக்கச் சங்கம் 1973-இல் கௌரவ உறுப்பினர் பதவி கொடுத்தது. அவரோ அமெரிக்க அறிவியல் புனைகதையில் பெரும்பகுதி குப்பை என்று எழுதினார். 1976-இல் சங்கம் விதியைக் காரணம் காட்டிப் பதவியைப் பறித்தது. லெம் மதித்த ஒரே அமெரிக்கர் ஃபிலிப் கே. டிக். அந்த டிக் என்ன செய்திருந்தார் தெரியுமா? லெம் என்று ஓர் ஆளே கிடையாது, அது ஒரு கம்யூனிஸ்ட் கமிட்டி என்று 1974-இல் எஃப்.பி.ஐ.க்குக் கடிதம் போட்டிருந்தார்! லெம்முக்கு இழைத்த அநீதியைக் கண்டித்து, உர்சுலா லெ குவின் தன் கதையை அதே சங்கத்தின் நெபுலா விருதுப் போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டார். விருது யாருக்குப் போயிற்று? அசிமோவுக்கு. இந்த வழக்குக் கட்டு மட்டும் நம்மவர் கோர்ட்டில் காணாமல் போய்விட்டது.

சண்டை போடாமலும் இதை முடித்திருக்கிறார்கள். நியூயார்க் பார்க் அவென்யூவில் டாக்ஸியில் போகும்போது அசிமோவும் கிளார்க்கும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். உலகின் சிறந்த அறிவியல் புனைகதையாளர் யார் என்று கேட்டால் அசிமோவ் ‘கிளார்க்’ என்று சொல்ல வேண்டும். சிறந்த அறிவியல் கட்டுரையாளர் யார் என்றால் கிளார்க் ‘அசிமோவ்’ என்று சொல்ல வேண்டும். இரண்டாமிடத்தை அவரவர் தமக்கே வைத்துக்கொள்ளலாம். 1972-இல் கிளார்க் தன் புத்தகம் ஒன்றை, இந்த ஒப்பந்தத்தையே குறிப்பிட்டு அசிமோவுக்குச் சமர்ப்பணம் செய்தார். தொகுதிப் பங்கீடு இவ்வளவு சுமுகமாக முடிந்ததை நம் ஊரில் யாரும் பார்த்திருக்க முடியாது.

“சார், சுஜாதா?” என்று தம்பி மெல்ல இழுப்பான்.

“அது வேற லிஸ்ட்டுப்பா.”

அந்த லிஸ்ட்டில் அவர் ஒருவர்தான் இருக்கிறார் என்பது வேறு விஷயம். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குபெற்றவர், ‘என் இனிய இயந்திரா’வில் புத்தகம் படிக்கும் ரோபாட் நாய் ஜீனோவைப் படைத்தவர். நீதியரசர் முதன்முதலில் கடைசிப் பக்கம் வரை படித்த அறிவியல் புனைகதையும் அதுதான். ஆங்கில பேப்பர்பேக் கையில் இருக்கும்போது அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

இவரிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. “லெம்மோட ‘சோலாரிஸ்’ படிச்சிருக்கீங்களா சார்?” என்று கேளுங்கள். “படம் பார்த்திருக்கேன்” என்பார். 1972-இல் தார்க்கோவ்ஸ்கி எடுத்ததா, 2002-இல் சோடர்பெர்க் எடுத்ததா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உலகின் நம்பர் ஒன் இயக்குநர் யார் என்ற வழக்கு அங்கேயே தொடங்கிவிடும். கடைக்காரர் தார்ப்பாய் போட்டு மூடும்வரை உங்களை விட மாட்டார்.