தருமபுரிக்கு வந்த துப்பறிவாளர்கள்

1980களில் ஒரு புதிய துப்பறியும் எழுத்தாளர் தருமபுரிக்கு வருவதென்றால் பேருந்தில்தான் வருவார். சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறி வரும் வண்டியில் மாத நாவல்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடைக்காரர் கட்டைப் பிரித்து, கடையின் குறுக்கே கட்டியிருக்கும் கயிற்றில் ஒவ்வொன்றாகத் தொங்கவிடுவார். மாலைமதி, ராணிமுத்து, பாக்கெட் நாவல், கிரைம் நாவல். பள்ளிக்கூடம் விட்டு வரும் நாங்கள் அட்டைப்படத்தைப் பார்க்கும் முன்பே எழுத்தாளர் பெயரைத் தேடுவோம்.

கடைக்காரருக்கு எல்லோருடைய ருசியும் தெரியும். "ராஜேஷ்குமார் தீந்துபோச்சு தம்பி. இவரு சுபான்னு புதுசா ஒருத்தர். வேகமா போகுதுன்னு சேலம் வண்டிக் கண்டக்டரு சொன்னாரு. எடுத்துட்டுப் போய்ப் பாரு" என்பார். சுபா என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு நண்பர்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட பெயர் என்ற செய்தி அடுத்த மாதம் இன்னொரு வாசகர் வழியாக வந்து சேரும். நடத்துநர் படித்துக் கடைக்காரரிடம் சொல்ல, அவர் ஒரு பள்ளி மாணவனிடம் சொல்ல, அப்படித்தான் எழுத்தாளர்கள் ஊருக்குள் நுழைந்தார்கள்.

அந்தக் கயிற்றில் தொங்கியவர்கள் ஒருவரைப் போல ஒருவர் எழுதியவர்கள் இல்லை. கோவை ராஜேஷ்குமாரின் நாவலில் இரண்டு கதைகள் தனித்தனியே கிளம்பும். துப்பறியும் விவேக் உள்ளே வந்து முடிச்சை அவிழ்க்கும்வரை இரண்டும் எங்கே சேரும் என்று பிடிபடாது. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா ஜோடியை அவர்களுடைய குறும்புப் பேச்சுக்காகவே படித்தவர்கள் உண்டு. சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும் வந்தால் ஓட்டமும் துரத்தலும் நிச்சயம். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள். அவர்களோடு சட்டமும் விஞ்ஞானமும் வரும். சுஜாதா வேலை பார்த்தது பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில். கட்டட வேலைக்கும் பேக்கரி வேலைக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் வண்டியேறிப் போகிற நகரம் அது. அதனாலேயே அவரைப் பக்கத்து ஊர்க்காரராக எண்ணிக்கொண்டோம்.

அடுத்து யாரைப் படிப்பது என்பதற்கு வேறு வழிகாட்டிகளும் இருந்தன. மாத நாவலின் உள்ளட்டையில் அடுத்த இதழ் எழுத்தாளர் பெயர் இருக்கும். வாடகை நூலகம் வைத்திருந்த அண்ணன் தன் நோட்டைப் புரட்டி, யார் எதை எடுத்தார்கள், எதை மறுநாளே திருப்பினார்கள் என்று பார்த்துச் சொல்வார். மறுநாளே திரும்பிய புத்தகம் ஒரே மூச்சில் படிக்கப்பட்ட புத்தகம். அதற்குத்தான் வரிசை நிற்கும். அரசு நூலகத்தில் புத்தகத்தின் கடைசியில் ஒட்டியிருக்கும் தேதித்தாள் அதே வேலையைச் செய்தது. ஊதா மை முத்திரை நெருங்கிக் கிடந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். முன்னால் படித்த யாரோ பென்சிலால் ஓரத்தில் எழுதிய குறிப்பு விமர்சனமாக இருக்கும். சில வேளை கொலைகாரன் பெயராகவும் இருந்துவிடும்.

வீட்டுப் பெரியவர்களிடம் இன்னொரு அலமாரி இருந்தது. அப்பா தலைமுறைக்குத் தமிழ்வாணனின் சங்கர்லால்; அவர் தேநீர் குடித்தபடி துப்புத் துலக்குவதை மாமாக்கள் நடித்தே காட்டுவார்கள். பாட்டிகளுக்கு வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார். அவருடைய நாவலைச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் படமாக்கியது, எம்.என். நம்பியார் பல வேடங்களில் வந்தார். தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1965இல்தான் தனி மாவட்டமானது. ஆகவே அதை நம்ம ஊர்ப் படம் என்றே அவர்கள் சொன்னார்கள். வடுவூராரைத் தேடிப் போனால் ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் கிடைப்பார். இன்னும் பின்னால் போனால் 1894இல் பண்டித நடேச சாஸ்திரி எழுதிய தானவன் என்ற போலீஸ் நிபுணன். ஷெர்லாக் ஹோம்ஸ் லண்டன் பத்திரிகையில் பேர் வாங்கிய அதே காலத்தில் தமிழிலும் ஒரு துப்பறிவாளன் உருவாகியிருந்தான். ஆனந்த விகடனில் தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு வந்தது 1942இல். இந்தத் தொடர்ச்சியை எங்களுக்கு எந்தப் பாடப்புத்தகமும் கற்பிக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து சொன்ன பெரியவர்கள் கற்பித்தார்கள்.

எங்கள் மாவட்டத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைய. தெருவில் ஓர் அக்கா வீட்டில் பேசுவது தெலுங்கு. படிக்கத் தெரிந்த எழுத்து தமிழ் மட்டும். எண்டமூரி வீரேந்திரநாத்தின் நாவல்களைச் சுசீலா கனகதுர்காவின் தமிழ் மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு அவர் எங்களுக்குக் கொடுத்தார். அந்த அக்காவிடமிருந்து நான் கற்றுக்கொண்ட வழி இன்றைக்கும் உதவுகிறது: எழுத்தாளர் பெயரோடு மொழிபெயர்ப்பாளர் பெயரையும் பார்த்து வைத்துக்கொள். நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்தால் அவர் கைப்பிடித்து அழைத்துப்போகும் ஊர்கள் பல.

தொலைக்காட்சி வந்தபின் அதுவும் எழுத்தாளர்களைக் கொண்டுவந்தது. 1993இல் தூர்தர்ஷனில் பாசு சாட்டர்ஜி இயக்கிய பியோம்கேஷ் பக்ஷி தொடரை இந்தி அரைகுறையாகப் புரிந்தும் பார்த்தோம். அது 1932இலேயே சரதிந்து பந்தோபாத்யாய வங்காளத்தில் படைத்த பாத்திரம் என்று அறிந்து அவரைத் தேடினோம். சன் டிவியில் மர்மதேசம் ஓடிய காலத்தில் அதை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் புத்தகங்களுக்கு நூலகத்தில் முன்பதிவு கேட்டார்கள். 2024 நவம்பரில் அவர் மறைந்த செய்தி வந்தபோது, அந்தத் தலைமுறை வாசகர்கள் எல்லோரும் தொலைபேசியில் பேசிக்கொண்டது அந்த நூலக நாட்களைப் பற்றித்தான்.

இத்தனை பேர் வந்தும் ஒன்று மட்டும் வரவில்லை. எங்கள் ஊர் எந்தக் கதையிலும் வரவில்லை. கொலைகள் சென்னை அடையாற்றில் நடந்தன, கோவை ரேஸ்கோர்ஸில் நடந்தன, ஊட்டி பங்களாக்களில் நடந்தன. தருமபுரி என்றால் நெடுஞ்சாலையில் கார் கடந்துபோகும் ஒரு பெயர்ப்பலகை. கதைகளில் காவல்துறை வந்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று அர்த்தம்.

எங்கள் மாவட்டத்தில் நடந்தது வேறு. 1992 ஜூன் 20 அன்று அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்திக்குள் சந்தனக்கட்டை தேடுவதாக அதிகாரிகள் நுழைந்தார்கள். வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர். பழங்குடி மக்களை அடித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் நின்று வழக்கை நடத்தின. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தண்டனை பெற்றார்கள். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் வந்து பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று அந்தத் தண்டனைகளைச் சென்னை உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது.

அந்த வழக்கின் செய்திகளைத் தொடர்ந்து படித்த பிறகு என் வாசிப்பு மாறிவிட்டது. யார் கொன்றது என்பதைக் கடைசிப் பக்கத்தில் சொல்லும் கதை இன்றும் பிடிக்கும். ஆனால், குற்றம் செய்தவர் யாரென்று ஊருக்கே தெரிந்தும் நீதி கிடைக்கப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகிற கதையை எழுதுகிறவர் யார் என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடலில் கிடைத்தது ச. பாலமுருகனின் சோளகர் தொட்டி. சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனுக்கான தேடுதல் வேட்டையில் சிக்கிய சோளகர் பழங்குடி மக்களைப் பற்றிய நாவல் அது. வீரப்பன் 2004 அக்டோபரில் சுட்டுக்கொல்லப்பட்டது எங்கள் பாப்பாரப்பட்டி அருகில். மருத்துவமனையில் உடலைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தை ஊர் கண்டது. அந்தக் கூட்டத்தின் பின்னால் இருந்த காட்டு மக்களின் துன்பத்தைப் பாலமுருகன் எழுதினார். எந்தக் கடையிலும் அந்த நூலைத் துப்பறியும் நாவல் வரிசையில் வைப்பதில்லை. குற்றத்தைப் பற்றி நான் படித்த மிக முக்கியமான தமிழ்ப் புத்தகங்களில் அது ஒன்று.

இன்றைக்குப் பேருந்து நிலையக் கயிறு இல்லை. வாடகை நூலகங்களும் போய்விட்டன. அதற்காக வாசிப்பு செத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பென்னாகரத்திலும் கடத்தூரிலும் கைபேசியில் தொடர்கதை படிக்கிறார்கள், பிரதிலிபி செயலியில் எழுதவும் செய்கிறார்கள். ராஜேஷ்குமார் 1,500 நாவல்களுக்கு மேல் எழுதிவிட்டார். கிண்டிலில் அவற்றில் பல நொடியில் கிடைக்கின்றன. அன்று தீர்ந்துபோன இதழுக்கு ஏங்கியவர்களுக்கு இது பெரிய வரம். ஆட்டோ ஓட்டும் நண்பர் ஒருவர் சவாரிக்குக் காத்திருக்கும்போது ஒலிநூல் கேட்கிறார்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. செயலி நாம் ஏற்கெனவே படித்ததைப் பார்த்து அதே போன்ற இன்னொன்றை நீட்டுகிறது. ராஜேஷ்குமார் படித்தவருக்கு ராஜேஷ்குமாரே வருகிறார், முடிவில்லாமல் வருகிறார். பெட்டிக்கடைக்காரர் செய்தது வேறு. கேட்டது தீர்ந்ததால் நாம் கேட்காததைக் கொடுத்தார். அதனால் நமக்கு ஒருவருக்குப் பதில் இரண்டு எழுத்தாளர்கள் கிடைத்தார்கள். புதியவரைக் கண்டுபிடிக்க அந்தக் கேட்காத புத்தகம் வேண்டும். அதை இப்போது நாமேதான் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

எனக்கு உதவிய வழிகளைச் சொல்கிறேன். ஒன்று, தொகுப்பு நூல். சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் தமிழ் வெகுஜனக் கதைகளைப் பிரீதம் சக்கரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் கொண்டுவந்தது. தமிழ் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கலாம். நாம் அதன் பொருளடக்கத்தைப் பார்த்து, விட்டுப்போனவர்களைத் தமிழிலேயே தேடிப் படிக்கலாம். இரண்டு, இலக்கிய அலமாரி. பெண்ணியக் கதைகளுக்காக அறியப்பட்ட அம்பை, அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு என்ற நூலில் மும்பையில் துப்பறியும் சுதா குப்தாவைப் படைத்திருக்கிறார். ஜெயமோகனின் பத்துலட்சம் காலடிகள் கதையில் ஔசேப்பச்சன் என்ற முன்னாள் காவல் அதிகாரி ஒரு கொலையிலிருந்து ஒரு சமூகத்தின் வரலாற்றுக்குள் நம்மை நடத்திப் போகிறார். அந்த ஜெயமோகன் 1990களில் எங்கள் தருமபுரியில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர். மூன்று, வெளிநாட்டுக் கதைகளில் கேள்வியையே மாற்றியவர்கள். ஜப்பானின் கெய்கோ ஹிகாஷினோ 2005இல் எழுதிய, சந்தேக நபர் எக்ஸைப் பற்றிய நாவலில் கொலை தொடக்கத்திலேயே நம் கண்முன் நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் மூச்சுப் பிடித்துப் படிக்க வைக்கிறார். நான்கு, தகடூர் புத்தகப் பேரவையும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து நடத்தும் தருமபுரி புத்தகத் திருவிழா. அங்கே போனால் புத்தகத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், பக்கத்தில் நிற்பவர் எதை எடுக்கிறார் என்று கேளுங்கள். எல்லா வழிகளிலும் சிறந்தது அதுதான். முன்பின் தெரியாத ஒருவர் தான் விரும்பிப் படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது அதில் விற்பனை இல்லை.

நல்ல குற்றக்கதை எழுத்தாளரை அடையாளம் காண என்னிடம் ஓர் அளவுகோல் உண்டு. அவருக்குத் தன் ஊர் தெரிந்திருக்க வேண்டும். யாருடைய புகாரைக் காவல் நிலையத்தில் வாங்குவார்கள், யாரைத் திருப்பி அனுப்புவார்கள், சாட்சி சொல்ல வருகிறவர் அன்றைய கூலியை எப்படி இழக்கிறார் என்பதெல்லாம் தெரிந்தவர் எழுதினால்தான் கொலையும் துப்பும் நம்பும்படி இருக்கும். சுஜாதாவின் கரையெல்லாம் செண்பகப்பூ இன்றும் நிற்பதற்குக் காரணம், நாட்டுப்பாடல் தேடி வந்தவன் கண்வழியே ஒரு கிராமமே அதில் உயிரோடு இருப்பதுதான்.

ஆகவே, அடுத்து யாரைப் படிக்கலாம் என்று என்னிடம் கேட்கும் இளைஞர்களுக்கு மேலே சொன்ன பெயர்களைத் தருகிறேன். கூடவே ஒன்று கேட்கிறேன். பாலக்கோட்டுத் தக்காளி மண்டியும், ஒகேனக்கல் பரிசல் துறையும், தொப்பூர் கணவாயின் இரவும், அரூர் நீதிமன்ற வாசலில் காத்திருக்கும் மலைக்கிராமத்துப் பெண்களும் இன்னும் எந்தத் துப்பறியும் நாவலிலும் உரிய இடம் பெறவில்லை. கோவைக்கு ஒரு ராஜேஷ்குமாரும் பட்டுக்கோட்டைக்கு ஒரு பிரபாகரும் கிடைத்தார்கள். தருமபுரிக்கு ஒருவர் வேண்டும். கைபேசியில் தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, அடுத்த கொலையைச் சென்னையில் நடத்தாதீர்கள். நம் ஊரில் நடத்துங்கள், நமக்குத் தெரிந்த மனிதர்களோடு. முதல் வாசகனாக நான் வாங்கிப் படிக்கிறேன். பத்துப் பேரிடம் சொல்லவும் செய்கிறேன்.